ஓட்டைக் குட்டைக்கு வந்த சீர்

எங்கள் ஊர்க் குட்டைக்குத் தண்ணீரை வைத்துக்கொள்ளத் தெரியாது. ஐப்பசி மழையில் கரை ததும்ப நிறையும். தைப்பொங்கலுக்கு மாடு கழுவப் போனால் முழங்கால்தான் நனையும். மாசி பிறந்தால் வெடித்த சேறும் அதில் கொக்கு நடந்த தடமும் மட்டும் மிச்சம். மேற்கே நெல்வயல்களுக்கு நடுவில் இருந்த நல்லேப்பிள்ளிக்காரர்கள் அதற்கு ஓட்டைக் குட்டை என்று பேர் வைத்தார்கள். நாங்கள் வேறு பேர் வைக்கவில்லை. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் வெட்கப்பட்டோம், அவ்வளவுதான்.

நெல்வயல்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் நிற்க வேண்டும். வரப்பில் ஒரு நண்டு வளையைக் கண்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. எங்களுடையது மேட்டுக்காடு. மலையாளச் சீமையில் சித்தூர்த் தாலூக்காவின் கிழக்கோரம். பனை, சோளம், கடலை, கிணற்றடியில் கொஞ்சம் ராகி. குட்டைக்குக் கீழே சரிவில் நாலைந்து வீடுகள், வீட்டுக்கொரு கிணறு. எங்கள் வீடு சரிவின் கடைசியில் இருந்தது. காலையில் கவலை ஏற்றம் ஓடும்போது, எருதுகள் இறக்கத்தில் முன்னால் போக, தோல் பறி கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வந்து தொட்டியில் கொட்டும் அந்தச் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். இப்போது சித்தூரில் ஒரு வீட்டில் தங்கிப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே சேவல் எழுப்புகிறது. தண்ணீரும் நன்றாகத்தான் இருக்கிறது. குடித்தால் தாகம் தீர்கிறது. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்போது தொண்டையில் அது இறங்குவது தெரியும். கல்லின் குளிர்ச்சியும், எங்கேயோ தூரத்து வேரின் வாசமும், கடைசியில் ஒரு சின்னத் தித்திப்பும். அதை எப்படிச் சொன்னாலும் இங்கே இருப்பவர்கள் தலையை ஆட்டுகிறார்கள், நம்புவதில்லை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சித்தூரில் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடம் இருப்பதாகச் சந்தைக்குப் போன இடத்தில் அய்யன் கேள்விப்பட்டார். அப்பாவை நாங்கள் அய்யன் என்றுதான் சொல்வோம். அவருக்கு என்ன தோன்றியதோ, அடுத்த வாரமே என்னைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அங்கே சேர்த்துவிட்டார். தினமும் நடந்து போய்வந்து மலையாளமும் தமிழும் அங்கே படித்தேன். முதல் நாள் ஒரு டீச்சர் குனிந்து, "குட்டிக்கு வெள்ளம் வேணோ?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் வெள்ளம் வருகிறது என்றால் கன்றுக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். நான் வாசலைப் பார்த்து ஓடிவிட்டேன். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. மாதம் முடிவதற்குள் அந்த வகுப்பில் எல்லாரையும் விடச் சுத்தமாக எழுதியவள் நான்தான்.

அய்யன் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "கெணத்துல தண்ணி இருக்கற வரைக்கும் பள்ளிக்கோடம் போ, அம்மிணி. கெணறு கைய விரிச்சுதுன்னா அம்மாகூடக் கொடம் தூக்கோணும்." அதில் கொடுமை ஒன்றுமில்லை. எங்கள் கிணறுகள் வற்றினால் குடிதண்ணீருக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டத்தான் போக வேண்டும். போய் வரப் பகல் பாதி போய்விடும், ஒருத்தியால் வீட்டுக்கு வேண்டியதைச் சுமக்க முடியாது. நல்ல வேளையாக எங்கள் கிணறு சித்திரை வரை தாங்கும். பள்ளியில் பரீட்சை பங்குனியிலேயே முடிந்துவிடும். நான் வகுப்பு வகுப்பாக ஏறியதில் பாதி என் மூளை, பாதி கிணறு என்பாள் அம்மா. முக்கால் மூளை என்பேன் நான்.

நாலாம் வகுப்பு வந்தபோது விஷயம் கொஞ்சம் பெரிதாயிற்று. அந்தப் பரீட்சையில் தேறினால் பெரிய பள்ளிக்குப் போகலாம். எழுதாமல் நின்ற பெண்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அய்யனும் சொல்லிவிட்டார்: "நாலு முடிச்சா மேல பாக்கலாம். நடுவுல நின்னா நின்னதுதான்."

அந்த வருஷத்து வைகாசியில்தான் மாமன் வந்தார். அம்மாவின் அண்ணன். நல்லேப்பிள்ளியில் நெல் போடுகிறவர். வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் தோட்டத்து மயில்கள் பறந்துவிடும். ஒவ்வொரு வைகாசியிலும் காய்ந்த குட்டையில் எல்லா வீட்டு வண்டிகளும் இறங்கும். வண்டலை வெட்டி அள்ளி அவரவர் காட்டில் கொட்டுவோம், அதுதான் எங்களுக்கு எரு. கடைசி வண்டி ஏறியதும் பெண்கள் குட்டையின் அடித்தரையை மண்வெட்டியால் லேசாகக் கொத்திவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். எதற்கு என்று கேட்டால் "பூமாதேவி மூச்சு உடறதுக்கு" என்பார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. எல்லாரும் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

மாமன் கரையில் நின்று இதைப் பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, ஏற்கெனவே ஓட்டக் குட்டை. அதுல இன்னும் கொத்தி ஓட்டை போடறீங்களா?"

"வழக்கமுங்க மச்சான்" என்றார் அய்யன்.

"நல்ல வழக்கம். அடி இல்லாத பானைக்கு வருசா வருசம் மஞ்சத் தெளிக்கறீங்க. எங்க ஊருல ஒரு கொளத்தக் காட்டுங்க, இப்படி வெள்ளம் நிக்காம ஓடறத?"

"வெள்ளமெல்லாம் எங்களுக்கு வேண்டாமுங்க. தண்ணி நின்னாப் போதும்."

மாமன் சிரித்தார். சிரித்துக்கொண்டே அம்மாவின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, இந்த வருசம் உனக்குச் சீலை கெடையாது. சீலைன்னா கிழிஞ்சு போகும். அண்ணன் உனக்கு ஒரு குட்டை தர்றேன். என்ற காட்டுக் களிமண்ணு, என்ற எருமை. பொறந்த ஊட்டுச் சீரா இருக்கட்டும்."

அம்மாவின் முகத்தை நான் அன்றைக்குப் பார்த்தேன். ஊரில் எந்தப் பெண்ணுக்கும் பிறந்த வீட்டிலிருந்து குட்டை வந்ததில்லை. அவள் முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

களிமண் வண்டிகள் வரிசையாக வந்தன. கறுத்து, வெண்ணெய் போல வழுவழுத்த மண். அதைக் குட்டை அடியில் பரப்பித் தண்ணீர் தெளித்து, எருமைகளை விட்டு மிதித்தார்கள். நாற்றங்காலில் சேறு மிதிப்பது போலவே சுற்றிச் சுற்றி. எங்களையும் மிதிக்கச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு விளையாட்டு பிறகு கிடைக்கவில்லை. விரல் இடுக்குகளில் களிமண் பிதுங்கி ஏறும்போது உடம்பெல்லாம் கூசும். எருமைகளின் முதுகு வெயிலில் மின்னும். அம்மா ஒறம்பரையாக வந்த சொந்தக்காரர்களுக்கும் வேலைக்காரர்களுக்குமாகக் கம்பங்கூழும் மோரும் கரைத்துக் கரைத்து ஊற்றிக்கொண்டே இருந்தாள். மாமன் இடுப்பில் கை வைத்து, "இன்னொரு சுத்து! அந்த மூலையில இன்னொரு சுத்து!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த வருஷம் யாரும் அடி கொத்தவில்லை. கொத்துவதற்கு அங்கே பழைய அடியே கண்ணில் படவில்லை.

ஐப்பசி மழை நன்றாகவே பெய்தது. குட்டை நிறைந்தது, நிறைந்தபடியே நின்றது. கார்த்திகையில் நின்றது. மார்கழியில் பனி மூடிக்கொண்டு நின்றது. பொங்கலன்று மாடுகள் கழுத்தளவு தண்ணீரில் நீந்தின. பக்கத்து ஊர்களிலிருந்து பார்க்க வந்தார்கள். அய்யன் கரையில் நடக்கும்போது அவருடைய நடையே மாறியிருந்தது. "ஓட்டக் குட்டைன்னு இனி ஒருத்தனும் சொல்லக்கூடாது. நெறகொளம்னு சொல்லோணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். ஆனால் பழைய பேர் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஓட்டக் குட்டை என்னமா நெறஞ்சு நிக்குது பாரு!" என்றார்கள்.

அம்மாவுக்கு மட்டும் வேறு ஒரு வேலை வந்துவிட்டது. வாளிக் கயிற்றை நீட்டிக்கொண்டே போனாள். மார்கழியிலேயே கயிறு போதவில்லை. பழைய மாட்டுக் கயிறு ஒன்றை முடிந்தாள். தையில் அதுவும் போதவில்லை. கவலை ஓட்டினால் பறியில் சேறு ஏறியது. அய்யன் எருதுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டார்.

"ஏனுங்க, நம்ம கெணறு எப்பவும் இப்படி இருக்காதுங்க" என்றாள் அம்மா.

"வெயிலு சாஸ்தி புள்ளே."

"தையில என்னுங்க வெயிலு?"

எல்லார் கிணறும் அப்படித்தான் ஆகிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் குட்டை கண்ணாடி போல மின்ன, கீழே வீட்டுக்கு வீடு பெண்கள் கிணற்றுக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் மொண்டார்கள். யாரோ நல்லபாம்பை அடித்த பாவம் என்றார்கள். கோயிலுக்கு நேர்ந்த கிடாயை வெட்டாததால் என்றார்கள். பெண்பிள்ளை எழுத்துப் படித்தால் ஊருக்கு ஆகாது என்று ஒரு பேச்சும் கிளம்பியது. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. கிணறு வற்றியதற்காகக் கூட அவ்வளவு ஆத்திரப்படவில்லை.

குட்டைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாதா என்று கேட்கலாம். அம்மா அதையும் பார்த்தாள். துணியில் வடிகட்டிக் காய்ச்சிச் சோறாக்கினாள். அய்யன் ஒரு வாய் வைத்தார். மென்றார். தட்டை மெதுவாக நகர்த்தினார்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. எருமையையே கடிச்ச மாதிரி இருக்குது."

மாசி பிறந்த கையோடு அய்யன் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் சொல்ல மனமில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தொழுவத்துக் கம்பத்தைப் பார்த்துச் சொன்னார். "நாளையிலிருந்து அம்மாகூடத் தண்ணிக்குப் போ, அம்மிணி. பள்ளிக்கோடம் மழை வந்த பொறவு பாத்துக்கலாம்."

மழைக்குப் பிறகு பரீட்சை இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் அழவில்லை. பலகையையும் புத்தகத்தையும் துணியில் சுற்றி சோளக் குதிருக்கு மேலே வைத்தேன். எலி கடிக்காத இடம் அதுதான். அவற்றை மறுபடி எடுப்பேன் என்று நினைத்துத்தான் அப்படி வைத்தேன்.

ஆற்று மணலில் தோண்டிய ஊற்றில் தண்ணீர் ஊறுவதற்குக் காத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மாமியார்கள், மருமகள்கள், யார் வீட்டில் யார் குறட்டை விடுகிறார்கள் என்பது வரை எல்லாம் அங்கே வந்துவிடும். தண்ணீர் வற்றினால் பேச்சு ஊறும். நான் மணலில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். எங்களுக்கு மேல்வீட்டில் ஓர் அத்தை உண்டு. உறவில் அத்தை, வாயில் அரிவாள். ஒரு நாள் அவள் நான் எழுதுவதை எட்டிப் பார்த்தாள்.

"இன்னுமா படிக்கறே? ஏனக்கா, உங்களுக்குத்தான் சொல்றன். பொட்டப்புள்ளையப் படிக்க வெக்கறது ஓட்டக் குட்டையில தண்ணி ஊத்தறாப்பல. எத்தனை ஊத்தினாலும் உங்க ஊட்டுல நிக்காது. நாளைக்கு ஊரான் ஊட்டுக்குப் போயிரும்."

அம்மா செம்பால் தண்ணீரை மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நிமிராமல் பதில் சொன்னாள். "போவட்டும். போற எடத்துல ஊறட்டும்."

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்துவிட்டாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. செம்பு அவள் கையில் பாதி வழியில் நின்றிருந்தது. தான் சொன்னதைத் தானே இரண்டாம் தரம் கேட்பது போல இருந்தாள்.

"என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி?" என்றாள் அத்தை.

"ஏம்மா" என்றாள் அம்மா, "இத்தனை வருசமா நம்ம குட்டைத் தண்ணி எங்க போச்சு?"

"எங்க போச்சோ. பூமிக்குள்ள போச்சு."

"பூமிக்குள்ள போயி?"

அம்மா பாதிக் குடத்தோடு எழுந்தாள். வழி முழுக்க அவளை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கிணற்றுக்குள் இறங்கச் சொன்னாள். சுவரில் பதித்த கல் படிகளில் நான் குரங்கு மாதிரி இறங்குவேன். எங்கள் கிணற்றில் பாறை இடுக்குகளில் ஊற்றுக்கண்கள் இருந்தன. எந்தக் கண் அடைந்திருக்கிறது, எது கசிகிறது என்று ஒவ்வொன்றாகத் தடவிச் சொல்லச் சொன்னாள். கீழ்ப்பக்கம் ஆற்றைப் பார்த்த கண் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. மேல்பக்கம், குட்டையைப் பார்த்த சுவரில், வருஷம் முழுக்கப் பச்சைச் செடி தொங்கும் கண்கள் எல்லாம் காய்ந்து கிடந்தன. செடியைத் தொட்டேன். கையில் பொடியாக உதிர்ந்தது.

"அம்மா! குட்டைப் பக்கத்துக் கண்ணு ஒண்ணுலயும் ஈரமில்ல!"

மேலே வானத்துக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது. அது குட்டைப் பக்கம் திரும்பியது.

அன்று சாயங்காலம் அய்யனிடம் சொன்னாள். அவருக்குக் கோபம் வந்தது. "கெணத்துக்கும் குட்டைக்கும் என்ன, பங்காளி ஒறவா?"

"பங்காளியோ சம்பந்தியோ எனக்குத் தெரியாதுங்க. ஒண்ணு வத்தும்போது ஒண்ணு நெறஞ்சுது. இப்ப அது நெறஞ்சு நிக்குது, இது வத்திக் கெடக்குது. குட்டையில இருந்து போன தண்ணி வீணாப் போவல. நம்ம கெணத்துக்குத்தான் வந்திருக்குது. அந்த வழியில எங்கண்ணன் களிமண்ணப் போட்டு அடைச்சுப் போட்டாரு."

அய்யன் எழுந்து போய்க் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. புரிந்ததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"சரி, அப்படியே இருக்கட்டும். என்ன பண்ணச் சொல்றே? மச்சான் ஊரறியக் குடுத்த சீரு. அதை நான் கடப்பாரையில குத்தினேன்னா நல்லேப்பிள்ளி முழுக்கப் பேசுவாங்க. நாளைக்கு உன்ற பொண்ணு கலியாணத்துல மாமன் வந்து முன்னால நிக்கோணுமா வேண்டாமா?"

"கலியாணம் அப்பறமுங்க. பரீட்சை பங்குனியில வருது."

"பரீட்சைக்காகப் பொறந்த ஊட்ட அறுத்துக்குவியா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குதிரின் மேலே இருந்த துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன சொல்வாள் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"நீங்க குத்த வேண்டாமுங்க" என்றாள். "என்ற பொறந்த ஊட்டுச் சீரு. என்ற கையாலயே குத்தறேன்."

மறுநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு நல்லேப்பிள்ளிக்குப் போனாள். சொல்லாமல் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. மாமன் களத்தில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தார். "வா தங்கச்சி! என்ன சொல்லுது உன்ற குட்டை? நிக்குதா, வெள்ளம்?"

"நிக்குதுங்கண்ணா. அதுதான் வந்தேன்."

அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். வேடிக்கை என்று நினைத்திருப்பார். பிறகு முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"ஓட்டக் குட்டைய நான் நல்ல குட்டையாக்கிக் குடுத்தேன். நீ மறுபடி ஓட்டை போடறேங்கறே."

"ஆமாங்கண்ணா."

"ஊரு சிரிக்கும்."

"சிரிச்சாச் சிரிக்கட்டுங்க. நீங்களும் வாங்க. நீங்களே மொதக் குத்துக் குத்துங்க. அப்பறம் யாரு சிரிப்பாங்க?"

அம்மாவின் அந்தப் பேச்சு எவ்வளவு அழகானது என்று வெகு காலம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. மாமன் அதற்கு இணங்கியிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். "நீ செய்யி. உன்ற ஊடு, உன்ற ஊரு. ஆனா நான் குடுத்ததை உடைச்ச ஊட்டு வாசல நான் மிதிக்க மாட்டேன். அதையும் சேத்து நெனச்சுக்க."

மாமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதை நிதானமாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "போயிட்டு வர்றனுங்கண்ணா" என்றாள்.

குட்டையில் இறங்கியபோது அம்மாவின் கையில் கடப்பாரை இல்லை. உலக்கை இருந்தது. பூண் போட்ட நெல் உலக்கை. முதலில் நாங்கள் இரண்டு பேர்தான். பிறகு மேல்வீட்டு அத்தை தன் உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நானும் ஆத்துக்கு நடந்து நடந்து காலு தேஞ்சு போச்சு. தள்ளுங்கக்கா" என்றாள். அவளைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் வந்தார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோரம் தொடையளவு தண்ணீரில் வரிசையாக நின்று, ஓங்கி ஓங்கிக் குத்தினார்கள். களிமண் உலக்கையைக் கவ்விப் பிடிக்கும். ஆட்டி ஆட்டிப் பிடுங்கினால் அந்த இடத்தில் குமிழி குமிழியாக வரும்.

கரையில் ஆண்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கேட்டார்: "என்னுங்க, குட்டைக்குள்ள நெல்லாக் குத்தறீங்க?"

அத்தை நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "ஆமாங்க. உங்க மண்டையில இருந்த உமியத்தான் குத்தறோம். சொளகு இருந்தாக் கொண்டாங்க, பொடைக்கலாம்."

அய்யன் கரைக்கு வரவில்லை. தூரத்தில் பனைமரத்தடியில் நின்றார். தடுக்கவும் இல்லை. நானும் ஒரு சின்ன உலக்கையால் குத்தினேன். வைகாசியில் எந்த மூலையை ஆசையாக மிதித்தேனோ அந்த மூலைதான் என் பங்குக்கு வந்தது.

குட்டை இறங்க ஆரம்பித்தது. கரையில் ஈரக் கோடு ஒன்றுக்குக் கீழே ஒன்றாக விழுந்தது. ஆனால் கிணற்றில் ஒன்றும் வரவில்லை. காலையில் இறங்கிப் பார்ப்பேன், மாலையில் இறங்கிப் பார்ப்பேன். காய்ந்த சுவர் காய்ந்தபடியே இருந்தது. ஊரில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. இருந்த குட்டையும் போயிற்று, கிணறும் வரவில்லை, அண்ணன் உறவும் அறுந்தது என்றார்கள். உலக்கை பிடித்த பெண்களே அம்மாவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். அம்மா ஆற்றுக்கு நடந்தாள், வந்தாள், சோறாக்கினாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவள் தட்டில் மட்டும் சோறு குறைந்துகொண்டே வந்தது. அவள் பயந்திருந்தாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு என் பயமே பெரிதாக இருந்தது.

ஒரு காலையில் மேல்பக்கச் சுவரைத் தடவினேன். விரல் நனைந்தது. வியர்வை மாதிரி, அவ்வளவுதான். என் கை வியர்வையோ என்று பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டேன். மறுபடி நனைந்தது. கல்லில் நாக்கை வைத்துப் பார்த்தேன். எருமை வாசமில்லை. கல்லின் குளிர்ச்சி, வேரின் வாசம், கடைசியில் அந்தச் சின்னத் தித்திப்பு. நான் போட்ட கூச்சலில் கிணற்றுப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன.

"கத்தாதடி, கெணறு பயந்துக்கும்!" என்றாள் அம்மா மேலேயிருந்து. அதை அவளும் கத்தித்தான் சொன்னாள்.

தண்ணீர் நிறைய வரவில்லை. கவலை ஓட்டும் அளவுக்கு அந்த வருஷம் வரவேயில்லை. குடிக்க, சமைக்க, மாட்டுக்கு ஒரு தொட்டி. அது போதும். அய்யன் வாளியை இறக்கித் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அண்ணாந்து குடித்தார். பிறகு வீட்டுக்குள் போய், குதிரின் மேலே இருந்த மூட்டையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "விட்டுப் போன பாடமெல்லாம் படிச்சுருவியா?"

"படிச்சுருவனுங்க" என்றேன். படித்தேன். பரீட்சை எழுதினேன். எங்கள் வகுப்பில் இரண்டாவதாகத் தேறினேன். முதலாவதாக வந்த பெண் சித்தூரிலேயே இருந்தவள், ஒரு நாள் கூடத் தண்ணீர் சுமக்காதவள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வைகாசியில் மிச்சமிருந்த களிமண்ணையும் வெட்டி அள்ளினார்கள். பழைய அடித்தரை தெரிந்ததும் பெண்கள் கொத்தினார்கள். இந்தத் தடவை எதற்கு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பின்னாளில் ஆசிரியப் பயிற்சியில் மழைநீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளைச் சேர்வது பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் வந்தது. படம் போட்டு அம்புக்குறி எல்லாம் இருந்தது. உலக்கை மட்டும் இல்லை.

மாமன் தாம் சொன்னபடியே எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அந்தத் தீபாவளிக்குச் சீர் வரவில்லை. அடுத்த தீபாவளிக்கும் வரவில்லை. அம்மா அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் தீபாவளிக்கு முந்தின நாள்களில் வண்டிச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையை நிறுத்துவாள்.

அதற்கெல்லாம் முன்னால், நாலாம் வகுப்பில் நான் தேறிய செய்தி வந்த அன்று, அவள் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு, "வா, ஒரு எடத்துக்குப் போவோணும்" என்றாள். நல்லேப்பிள்ளிக்குத்தான் போனோம். மாமன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவர் இருக்கிறார் என்று வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தாலே தெரிந்தது. மாமி வெளியே வந்தாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள். எங்களை உள்ளே வரச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. அம்மா வாசலைத் தாண்டவில்லை. களத்தின் நடுவிலேயே நின்றாள். என்னைத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். என் தோளில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, மாமியைப் பார்த்து அல்ல, திறந்திருந்த கதவைப் பார்த்து, உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"என்ற பொண்ணு பாஸாயிட்டாங்கண்ணா."

உள்ளேயிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. அம்மா என் தோளை ஒருமுறை அழுத்தினாள். நாங்கள் வரப்பு வழியாகத் திரும்பி நடந்தோம். இரண்டு பக்கமும் நிற்கிற தண்ணீரில் வானம் கிடந்தது. அம்மா முன்னால் நடந்தாள், ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.